மார்ஜரி டாட்டர்சாலின் பிழைகள்

வட இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் மில் ஊர்க்காரர்கள் லேசில் சிரித்துவிட மாட்டார்கள். ஹார்ட்லி பிரிட்ஜ் தொழிலாளர் கிளப்பில் மேடையேறும் நகைச்சுவைக்காரரைப் பிடித்திருந்தால் பீர் கிளாஸைக் கீழே வைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் பக்கத்து மேஜைக்காரரிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அதற்கு மேல் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அந்த மேடையில் மார்ஜரி டாட்டர்சால் பதினோரு வருஷம் நின்றாள் என்றால் அவளுடைய நெஞ்சழுத்தத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாரநாட்களில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கின் மேல் குழம்பு ஊற்றுகிறவள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். எழுதியதில் பாதியை லண்டனில் இருந்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக்காரருக்குத் தபாலில் அனுப்புவாள். அவர் அதைத் தன் சொந்தச் சரக்காகச் சொல்லிக் கைதட்டு வாங்குவார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல அந்த மனிதருக்கு அது சௌகரியமாக இருந்தது. பஸ் ஓட்டுநரான அவள் கணவர் ஆர்னல்ட் டிவி முன்னால் உட்கார்ந்து, "இது நீ போன மாசம் சொன்னதாச்சே" என்பார். "ஆமா, அப்ப நீங்க சிரிக்கலை, இப்ப சிரிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். தன் பேச்சைத் தன் வாயால், தன் பெயரில் சொல்ல வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

1971ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய ஓயாத கடிதங்களுக்கு மசிந்து, லண்டன் வானொலியிலிருந்து ரோலண்ட் பெவரெல் என்ற தயாரிப்பாளர் கிளப்பின் மதியக் காட்சிக்கு வந்தார். வெல்வெட் கோட்டும் நீளக் கழுத்துமாகக் கடைசி மேஜையில் உட்கார்ந்தார். மார்ஜரியின் கையில் இருந்தது இருபது நிமிஷம். அதற்குள் இந்த ஆளைச் சிரிக்க வைக்காவிட்டால் ஆயுசு முழுக்கக் குழம்புக் கரண்டிதான்.

அவளுடைய நல்ல கதையைத்தான் எடுத்தாள். எர்னஸ்ட் மாமா செத்துப்போனதும், அவர் பல்செட்டுக்கு மூன்று அத்தைமார் அடித்துக்கொண்டதும். எட்டாவது நிமிஷம், வக்கீல் உயிலைப் பிரிக்கிற கட்டம். நாலைந்து கிளாஸ்கள் மேஜைக்கு இறங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்து மேடையின் ஓரத்திலிருந்து இன்னொரு மைக் கரகரத்தது.

அது கிளிஃபர்ட் ஹோல்ராய்டின் மைக். அவர் கிளப்பின் நிகழ்ச்சிச் செயலாளர். கலைஞர்களை அழைப்பது, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது, பிங்கோ சூதாட்டத்தில் எண் சொல்வது, தீர்மானப் புத்தகம் எழுதுவது எல்லாம் அவர்தான். அறுபது வயது, முன்பு தறிக்கூடத்தில் மேஸ்திரி. சிரிப்பு அவர் முகத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"மன்னிக்கணும். மீட் பை வந்தாச்சு. ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

இறைச்சி அடைத்த அந்தச் சுடச்சுட அப்பத்துக்காகக் கூட்டம் மொத்தமும் எழுந்து வரிசையில் நின்றது. வேறு நாளாக இருந்தால் மார்ஜரி ஓரமாக நின்றிருப்பாள். மீட் பை வந்துவிட்டால் ராணியே மேடையில் நின்றாலும் எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், நான் இன்னும் முடிக்கலை."

"முடிங்கம்மா, யார் வேணாம்னா? பை ஆறிப்போயிடும்."

"என் மாமா இங்க செத்துக் கிடக்கிறார்."

"அவர் ஏற்கெனவே ஆறிட்டார்," என்றார் ஹோல்ராய்ட். பிறகு ஏதோ உறுத்தவே தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க எர்னஸ்டைத்தானே சொல்றீங்க? வெள்ளிக்கிழமை செத்தார்னு சொன்னீங்க. தப்பு. செவ்வாய்க்கிழமை. இரங்கல் தீர்மானம் நான்தான் எழுதினேன்."

"சரி, செவ்வாய். வக்கீல் அந்தப் பல்செட்டை எடுத்து..."

"பல்செட் வக்கீல்கிட்ட இல்லை. இங்கதான் இருக்கு, தொலைஞ்ச சாமான் டப்பாவில. கிறிஸ்துமஸுக்குள்ள யாரும் கேக்கலைன்னா கிளப்புக்குச் சொந்தம். விதி பதினாலு."

மீட் பையைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு நடந்தது ஹார்ட்லி பிரிட்ஜ் சரித்திரத்தில் கிடையாது. வரிசையில் நின்ற ஜனம் வரிசையை விட்டுவிட்டுச் சிரித்தது. அவள் ஒரு அடி எடுத்து வைக்க, அவர் ஒரு விதியைச் சொல்ல, பன்னிரண்டு நிமிஷம் இருவரும் மல்லுக்கட்டினார்கள். ஹோல்ராய்ட் மட்டும் அமைதி, அமைதி என்று மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். இந்தக் கூட்டத்துக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பெவரெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் வந்தார். இவ்வளவு இயல்பான இரட்டையர் நடிப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எழுதியது யார், எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்டார்.

மார்ஜரி திரைக்கு அப்பால் இன்னும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த ஹோல்ராய்டை எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன். ஆறு வாரம்," என்றாள்.

உரலில் தலையைக் கொடுத்தாகிவிட்டது. இனி ஹோல்ராய்டை லண்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். நகைச்சுவையில் நடிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் அவர் கமிட்டியைக் கூட்டி அவள் உறுப்பினர் அட்டையையே பிடுங்கிவிடுவார். அதனால் அவள் வேறு மாதிரி சொன்னாள். லண்டன் வானொலி ஸ்டூடியோவில் முந்நூறு பேர் வந்து உட்காருகிறார்களாம், நிகழ்ச்சிச் செயலாளர் என்று ஒருத்தர்கூடக் கிடையாதாம் என்றாள். ஹோல்ராய்டின் முகம் வெளுத்துவிட்டது. அப்படியானால் ஒழுங்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றாள். அன்றைக்கே அவர் பெட்டி கட்டினார்.

முதல் ஒத்திகை சாவு வீடு மாதிரி இருந்தது. கிளப்பில் அவர் சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். அவர் அதை மின்சார மீட்டர் எண்ணைப் படிக்கிற மாதிரி படித்தார். பெவரெலின் கழுத்து இன்னும் நீண்டது. மூன்றாம் பக்கத்தில் மார்ஜரி பதற்றத்தில் ஒரு தவறு செய்திருந்தாள். ஊர் பேண்டு வாத்திய ஊர்வலம் சர்ச்சிலிருந்து கிளம்பி கிளப்புக்கு வருவதாக எழுதியிருந்தாள். ஹோல்ராய்ட் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ஊர்வலம் கிளப்பிலேர்ந்துதான் கிளம்பும். சர்ச்சிலேர்ந்து கிளம்பினா ட்ரம் அடிக்கிறவன் வரமாட்டான். அவனுக்கும் பாதிரியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அறுபத்தெட்டிலேர்ந்து. காரணம் ஒரு கோழி."

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுக்காரர் தொடங்கி எல்லாரும் சிரித்து உருண்டார்கள். மார்ஜரி மட்டும் சிரிக்கவில்லை. சரக்கு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த மனிதருக்கு வரி எழுதிக் கொடுக்கக் கூடாது, பிழை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிழை பெரிதாக இருந்தால் அவர் சந்தேகப்படுவார். சின்னதாக இருந்தால் முன்கூட்டியே பென்சிலால் திருத்தி வைத்துவிடுவார். அதனால் தட்டச்சுக்காரி தாமதம் என்று சொல்லி, ஒலிப்பதிவுக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் காகிதத்தைக் கொடுப்பாள். அவருக்குத் தெரிந்த விஷயத்தில், அவரால் பொறுக்கவே முடியாத இடத்தில் பிழை விழ வேண்டும். அவர் என்ன சொல்லித் திருத்துவார் என்று முன்பே கணித்து, அதற்குத் தன் பதிலை எழுதி வைக்க வேண்டும். நடுவில் அவர் பேசப்போகும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவாள். அந்த வெற்றிடத்தில் என்ன வரும் என்று பத்தில் ஒன்பது தடவை அவளுக்குத் தெரியும். ஒரு வெற்றிடத்துக்காக மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்ததும் உண்டு. ஆர்னல்ட் எட்டிப் பார்த்து, இன்றைக்கு ஒன்றுமே எழுதவில்லையா என்று கேட்பார்.

ஐந்து வருஷம் ஓடியது அந்த நிகழ்ச்சி. வியாழக்கிழமை மாலை ஒலிப்பதிவு, ஞாயிறு மதியம் ஒலிபரப்பு. தேசமே ரோஸ்ட் மாட்டிறைச்சியை மென்றுகொண்டு கேட்டது. பஸ்ஸில் ஏறினால் ஜனங்கள் ஹோல்ராய்டிடம் விதி பதினாலு என்றார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் நின்று, அது பதினாலு அல்ல, புதிய பதிப்பில் பதினாறு என்று விளக்கினார். தான் பிரபலம் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை. படிப்பு போதாத ஒரு பெண், ஊர் பேரைக் கெடுக்கிற மாதிரி வாராவாரம் தப்புத் தப்பாக எழுதுகிறாள், நாம் பக்கத்தில் நின்று காப்பாற்றாவிட்டால் நாடே சிரிக்கும் என்பது அவர் எண்ணம். மைக் முன்னால் "மிஸஸ் டாட்டர்சால், நீங்க" என்று மரியாதை காட்டுவார். வெளியே வந்ததும் "ஏம்மா, இந்த வாரம் பதினோரு தப்பு. போன வாரம் ஒன்பது. கவனமே இல்லை உனக்கு" என்பார்.

விதைத்தவள் ஒருத்தி, அறுத்தவர் ஒருவர். ஹோல்ராய்ட் பிறவி மேதை, நொடிக்கு நொடி சொந்தமாக அடித்து விளாசுகிறார், பலவீனமான எழுத்தைத் தூக்கி நிறுத்துகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவள் அதையெல்லாம் படித்துவிட்டுக் காகிதத்தை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வாள். வயிறு எரியத்தான் செய்தது. எரியவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

ஐந்தாம் வருஷத்துக் கடைசி ஒலிப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் பெவரெல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் நல்ல செய்தி இருக்காது. அடுத்த வருஷத்திலிருந்து கேம்பிரிட்ஜ் படித்த ஒரு இளைஞர் எழுதுவார், மார்ஜரி நடித்தால் போதும் என்றார். அவள் எழுதும் பக்கங்களைப் பாருங்கள், பாதி வெறுமையாக இருக்கிறது, மீதி பிழையாக இருக்கிறது, எல்லாப் பாரத்தையும் கிளிஃபர்ட் ஒருவரே சுமக்கிறார் என்று வருத்தத்தோடு சொன்னார்.

"அந்த வெறுமையையும் நான்தான் எழுதறேன், மிஸ்டர் பெவரெல்," என்றாள்.

அவர் கனிவாகத் தலையாட்டினார். அந்தக் கனிவைப் பார்த்ததும் அவளுக்கு டீயை அவர் வெல்வெட் கோட்டில் ஊற்றலாமா என்று இருந்தது. ஊற்றவில்லை. குழம்பு ஊற்றிப் பழகிய கை, குறி தப்பியிருக்காது.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். இந்த முறை வெற்றிடம் இல்லை, பிழை இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுடைய சொந்தப் பேச்சு. தேதி, கிழமை, தெருப் பெயர், விதி எண் எல்லாவற்றையும் நூலகத்தில் போய்ச் சரிபார்த்தாள். கடைசி வாரமாவது அந்தக் கேம்பிரிட்ஜ் பையனும் பெவரெலும் மார்ஜரி டாட்டர்சாலுக்கு எழுதத் தெரியும் என்று பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை ஒலிப்பதிவு தொடங்கியது. அவள் தனியாகப் பேசினாள். ஜனங்கள் சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். அவள் கேட்க ஆசைப்பட்ட சத்தம் பதினோரு நிமிஷம் அவளுக்காகவே வந்தது. ஆனால் அவள் கண் பக்கத்து மைக்குக்கே போனது. ஹோல்ராய்ட் பென்சிலோடு நின்றார். ஒரு பக்கம் புரட்டினார், திரும்பிப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. ஸ்டூடியோவில் முந்நூறு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவி, இந்த மனுஷனை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று மார்ஜரி தன்னையே திட்டிக்கொண்டாள். பெற்ற சிரிப்பு அவள் கையில் தங்கவில்லை.

ஹோல்ராய்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். சபைக்கு ஒரு அறிவிப்பு. மிஸஸ் டாட்டர்சால் இந்த வாரம் எழுதினதுல ஒரு தப்பும் இல்லை. மூணு தடவை பார்த்துட்டேன்."

ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. அவர் மேஜையைத் தட்டினார்.

"இது சிரிக்கிற விஷயமில்லை. அஞ்சு வருஷமா இந்தம்மா எவ்வளவு பாடுபட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ஆரம்பத்துல ஒரு கிழமைகூடச் சரியா வராது. அதனால நன்றித் தீர்மானம் ஒண்ணு முன்மொழியறேன். யாராவது வழிமொழிங்க."

மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். ஆதரவானவர்கள் கை தூக்கட்டும் என்றார். முந்நூறு கையும் மேலே போயின. அவர் எண்ணினார். வரிசை வரிசையாக, உதட்டை அசைத்து எண்ணினார். இரண்டு கையையும் தூக்கியவரை ஒரு கையை இறக்கச் சொன்னார். வானொலியில் ஒருவர் மௌனமாக ஆள் எண்ணுவதைக் கேட்கிற நாட்டை நினைத்துப் பாருங்கள். சிரித்துச் சிரித்து ஜனங்களுக்குத் தூக்கிய கையை இறக்க முடியவில்லை. எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார். ஒருவர் தலையைச் சொறிந்தார். எதிர்ப்புக்குக் காரணம் சொல்லும்படி அவரை எழுப்பி நிறுத்தினார்.

"தீர்மானம் நிறைவேறியது. மிஸஸ் டாட்டர்சால், நீங்க ரெண்டு வார்த்தை பேசலாம்."

இத்தனை வருஷமாக எதற்கும் பதில் வைத்திருந்த மார்ஜரி, மைக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கைத்தான் உறிஞ்சினாள்.

முடிந்ததும் பெவரெல் ஓடி வந்து அவள் இரு கையையும் பிடித்துக்கொண்டார். இதைத்தான் ஐந்து வருஷமாக எதிர்பார்த்தேன், அந்த நன்றித் தீர்மானம் இருக்கிறதே, வானொலியில் அதைப் போல ஒன்று எழுதப்பட்டதே இல்லை, கேம்பிரிட்ஜ் பையனுக்கு இன்றைக்கே கடிதம் போடுகிறேன், அடுத்த வருஷமும் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். அது மட்டும் நான் எழுதவில்லை என்றாள் மார்ஜரி. அவர் அவளுடைய அடக்கத்தைப் பாராட்டினார்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். எதிர் இருக்கையில் பின்னல் வேலையோடு ஒரு வயதான அம்மாள். வாட்ஃபர்ட் தாண்டியதும் ஹோல்ராய்ட் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மார்ஜரியிடம் நீட்டினார். ராஜினாமா.

"இனிமே நான் எதுக்கும்மா? நீ கத்துக்கிட்டே. நான் கிளப்பைப் பார்க்கிறேன். போனவாரம் பிங்கோவை ஒரு சின்னப் பயகிட்ட விட்டுட்டு வந்தேன், ஒரே கூச்சல்."

அவள் உறையைப் பிரிக்கவில்லை. எழுதும் உரிமை கையில் இருந்தது, பெயர் இருந்தது, ஆனால் இந்த மனிதர் இல்லாமல் அடுத்த வருஷம் ஒன்றுமே இருக்காது. நிகழ்ச்சிக்காக மட்டும் இல்லை. இவர் இல்லாத வியாழக்கிழமையை அவளால் நினைக்க முடியவில்லை. நேற்று மாலை நெஞ்சில் ஏறிய பாரம் இன்னும் இறங்கவில்லை. இனியும் இவரிடம் மறைப்பது பாவம் என்று பட்டது.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், ஒண்ணு சொல்லணும். அந்தத் தப்பெல்லாம் நான் வேணும்னே பண்ணினது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எதெல்லாம்?"

"எல்லாமே. அஞ்சு வருஷமும். நீங்க திருத்தணும்னே எழுதினேன்."

"நான் எதுக்குத் திருத்தணும்?"

"நீங்க திருத்தினா ஜனங்க சிரிக்கிறாங்க."

"அவங்க எதுக்குச் சிரிக்கணும்? நான் திருத்தினது சரியாத்தானே இருந்துச்சு?"

மார்ஜரி மடியில் இருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹோல்ராய்ட் ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடுமை போய், காய்ச்சல்காரரிடம் பேசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"ஏம்மா, தப்பு பண்றதுல வெட்கம் ஒண்ணுமில்லை. எல்லாருக்கும் வரும். ஆனா பண்ணிட்டு, வேணும்னேதான் பண்ணினேன்னு சொல்றே பாரு, அதுதான் சரியில்லை. போன வருஷம் கிளப் படிக்கட்டுல விழுந்த ஆல்பர்ட்டும் இதையேதான் சொன்னான். வேணும்னே யாராவது தப்பா எழுதுவாங்களா? அதுவும் அஞ்சு வருஷம்?"

"நான் எழுதினேன்."

"சரி, சரி. மனசைப் போட்டு அலட்டிக்காதே." அவர் உறையை அவள் மடியிலிருந்து மெல்ல எடுத்து, நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "நேத்து ஒரு நாள் நல்லா வந்துச்சுன்னு நான்தான் அவசரப்பட்டுட்டேன். உன்னை இந்த நிலைமையில விட்டுட்டுப் போக மாட்டேன். அடுத்த வருஷமும் வரேன்."

இந்த உலகத்தில் ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் அதையும் திருத்திவிட்டார். மார்ஜரிக்கு முதலில் கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் விரலிடுக்கில் வழிய அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எதிரே இருந்த அம்மாள் பின்னலை நிறுத்திவிட்டுக் கவலையோடு பார்த்தாள். ஹோல்ராய்ட் தன் கைக்குட்டையை மார்ஜரியின் மடியில் வைத்துவிட்டு, அந்த அம்மாளின் பக்கம் குனிந்தார்.

"எழுதறவங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "நல்ல பொண்ணுதான். பக்கத்துல இருந்து நான் பார்த்துக்கறேன்."